மூன்றாம் வரியின் கடைசிக் கட்டம்

பத்மநாபனைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள எல்லாக் காகிதமும் பிளாஸ்டிக்குக்குள் போயாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, மாமனாரின் பென்ஷன் உத்தரவு, ஃபிரிட்ஜின் வாரண்டி என்று ஷார்ஜாவின் முவைலா பகுதியில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டில் லாமினேட் ஆகாமல் தப்பித்தது காலண்டர் ஒன்றுதான். அதையும், தேதி கிழிக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தோடுதான் விட்டுவைத்திருந்தார். அவர் பார்க்கும் வேலை அப்படி. அதே ஊரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர். தயாரித்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று அடியில் கையெழுத்து இல்லாத தாளை அவர் தாளாகவே மதிக்கமாட்டார். இத்தனைக்கும், வளைகுடாவுக்கு வந்த புதிதில் தன்னுடைய டிகிரி சர்டிபிகேட்டை லாமினேட் பண்ணிக்கொண்டு போய், அட்டெஸ்டேஷன் ஆபீசில் இதில் முத்திரை குத்த முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் அவர். அப்படியும் புத்தி வந்ததா என்றால், இல்லை. வீட்டுக்கே சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிப் போட்டார்.

அந்த மெஷினுக்கு முன்னால்தான் அவர் மனைவி ஜெயபாரதி ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை. குளியலறைக் கதவைத் திறக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. மெஷினின் வாயில் பழுப்பேறிய தாள் ஒன்று பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகக் கோணிக்கொண்டு நின்றது. அது எந்தத் தாள் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஜாம் ஆயிடுச்சு, இப்ப எடுத்துடறேன்." பத்மநாபனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "மேஜை மேல தனியா கழண்டு கிடந்துச்சு பாரதி. தொட்டாலே உதிருது. ஒரு கோட்டிங் குடுத்துட்டா காலத்துக்கும் நிக்குமேன்னு..."

"தொடாதீங்க. முதல்ல பிளக்கப் புடுங்குங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பத்மநாபன் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

அந்தத் தாள் ஈவனுடையது. புஜைரா துறைமுகத்தில் கப்பல்களைப் பரிசோதிக்கும் ஸ்காட்லாந்துக்காரர். ஜெயபாரதி வாசிக்கும் பேக்பைப் குழுவில் பெரிய முரசு அடிப்பவர். ஸ்கூலில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பொம்பளைக்குப் பேக்பைப் எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்காத ஆள் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டனில் அவள் அப்பா ராணுவ பேண்டில் பைப்பர். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கேரம்போர்டை நோண்டிய வயதில் அவள் அப்பாவின் பயிற்சிக் குழலை நோண்டினாள். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

போன மாதம் ஈவன் அவளிடம் ஒரு கையெழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா தானியக் கொட்டகைகளில் ஊர்க்காரர்கள் ஆட, அவர்களுக்காக வாசித்தவர். அங்கங்கே கேட்ட மெட்டுகளை ஐந்து கோடு கிழித்து, தாளக் கணக்குக்குக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மைப்பேனாவால் எழுதிவைத்திருந்தார். பெரிய சுரங்களுக்குக் காம்பு கீழ்ப்பக்கம். அவற்றுக்கு நடுவே விரல் தட்டிவிட்டுப் போகும் குட்டிச் சுரங்களுக்குக் காம்பு மேல்பக்கம். மையில் தோய்த்தெடுத்த எறும்புகளைப் போல அவை பக்கம் முழுவதும் ஊர்ந்தன. அவருக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. முரசடிக்கும் ஈவனுக்கும் தெரியாது.

"ஊருக்குப் போனதும் இதை ஒரு நூலகத்தில் ஒப்படைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு பிரதி எழுதிக் கொடு. உன்னுடையது பத்திரமான கை," என்று ஈவன் சொல்லியிருந்தார்.

புத்தகத்தின் கடைசித் தாளில், பின்பக்கத்தில் இருந்த மெட்டு ஒரு ரீல். துள்ளி ஆடுவதற்கென்றே உள்ள வேகமான மெட்டு. மற்ற மெட்டுகளுக்கு மேலே ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இருந்தது. இதற்கு மேலே மட்டும், 'இது என்னுடையது' என்று அந்த மனிதர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஊரார் மெட்டையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, தானே கட்டிய ஒரே ஒரு மெட்டைக் கூச்சத்தோடு கடைசியில் வைத்திருக்கிறார். மற்ற மெட்டுகள் வேறு கையெழுத்துப் புத்தகங்களிலும் கிடைக்கலாம். இது இந்தத் தாளை விட்டால் வேறெங்கும் கிடையாது.

வேலைக் காலம் முடிந்து ஈவனுக்கு விசா கேன்சல் ஆகிவிட்டது. நாளைக்கு விமானம். இன்று சாயங்காலம் புஜைரா கடற்கரையில் அவருக்குப் பிரிவு விருந்து. குழு வாசிக்க, எல்லோரும் ஆடப்போகிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தக் கடைசி மெட்டை ஒருமுறை கேட்க வேண்டும், அது போதும் என்றார். அவர் அதைக் கேட்டதே இல்லை. அவருடைய அப்பாவும் கேட்டதில்லை.

பத்மநாபன் ஸ்க்ரூ டிரைவரால் மெஷினைப் பிரித்தார். உருளையில் சுற்றிக்கொண்ட இடத்தைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. தாளில் முக்கால்வாசி தப்பித்தது. தையல் பக்கமாக இருந்த ஓரம் மட்டும் பிளாஸ்டிக்கோடு உருகி, மடிந்து, விரல்நீளச் சுருளாக வெளியே வந்தது. பிரிக்கப் பார்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"போட்டோ எடுத்து வெச்சிருக்கல்ல?" என்றார் பத்மநாபன்.

எடுத்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் அதை எடுத்தபோது தையல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் புத்தகத்தைப் பாதிதான் திறந்திருந்தாள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டமும் மடிப்பின் நிழலுக்குள் போய்விட்டது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கறுப்புதான். நேற்று மாலை அந்த மடிப்பைப் படிக்க வேண்டுமென்று புத்தகத்தை நன்றாக விரித்தபோதுதான் தாளே கழன்று கையோடு வந்தது. பதறிப்போனாள். பிறகு, வந்தது வந்துவிட்டது என்று பயிற்சிக் குழலில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழு மெட்டையும் வாசித்துப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் நல்ல போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அப்போதே எடுக்காமல் போனதற்காக இப்போது தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

ஈரத்தலையைத் துவட்டாமல் பயிற்சிக் குழலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெட்டு மொத்தம் நான்கு வரி. முதல் வரி, இரண்டாம் வரி, நான்காம் வரி மூன்றும் ஒரே மாதிரி முடிந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆட்ட மெட்டுகளில் அது வழக்கம்தான். அந்த மூன்று கட்டங்களும் விரலுக்குத் தாமாக வந்தன. மூன்றாம் வரியில்தான் சிக்கல். அங்கே மெட்டு உச்சத்துக்கு ஏறி, கடைசிக் கட்டத்தில் வேறு எங்கேயோ போனது. எங்கே?

வாசித்தாள். மறுபடி வாசித்தாள். நேற்று அந்த இடத்தில் தான் திடுக்கிட்டது நினைவுக்கு வந்தது. அட, இப்படிப் போகும் என்று நினைக்கவே இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னதுகூட நினைவிருந்தது. சுரம் மட்டும் நினைவில் இல்லை. மேலே போனதா, அடி சுரத்துக்கு விழுந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எதைப் பார்த்துத் திடுக்கிட்டோம் என்பது போய், திடுக்கிட்டது மட்டும் மிஞ்சியிருந்தது. குழலை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

பத்மநாபன் கதவோரம் நின்றார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தார், நல்லவேளை, சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டை முடித்ததாகப் பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். மற்ற மெட்டுகளையெல்லாம் முன்பே எழுதி முடித்திருந்த ஜெயபாரதி, பத்மநாபன் ஓட்ட, மடியில் பலகை வைத்து இந்தக் கடைசி மெட்டைப் பிரதி எழுதினாள். பாலைவனம் முடிந்து மலைகள் தொடங்கும்போது ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"ஏதாவது போட்டு நெரப்பிடேன்," என்றார் பத்மநாபன், ரோட்டைப் பார்த்தபடியே.

"என்னத்த நெரப்ப?"

"உனக்குத் தெரியாததா? நல்லா வர்ற மாதிரி ஒண்ணு. யாருக்குத் தெரியப் போவுது? அவருக்குப் படிக்கவே தெரியாதுங்கற. தாள் தானா உடைஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். பழசுதானே."

"நீங்க ஆபீஸ்ல இப்படித்தான் டிராயிங்க நெரப்புவீங்களா?"

பத்மநாபன் ஹெட்லைட்டைப் போட்டார். மலைக்குள் குடைந்த சுரங்கப் பாதைகள் வந்து போயின. கொஞ்ச நேரத்தில் அவளே பென்சிலை எடுத்தாள். மேல் சுரத்திலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒரு குட்டித் தாவலோடு முடிகிற மாதிரி ஒன்றைப் போட்டாள். மெல்லப் பாடிப் பார்த்தாள். அழகாக இருந்தது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது. இன்றைக்கு வாசித்துவிட்டால், நாளைக்கு நூலகத்தில் சேர்ந்துவிட்டால், இனி இந்த மெட்டைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் இதையும் அந்த மனிதர் போட்டதாகத்தான் வாசிப்பார்கள். 'இது என்னுடையது' என்று எழுதியவருடைய வாயில் இவள் வார்த்தையைத் திணித்ததாகிவிடும்.

"நல்லா இருக்கு பாரதி," என்றார் பத்மநாபன், நிம்மதியாக.

"பேசாம ஓட்டுங்க."

கடற்கரை ஓட்டலின் புல்வெளியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. புஜைராவில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். எதிரே கடலில், டாங்கர் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. ஜெயபாரதி ஈவனைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தாள். முதலில் சொல்லிவிட வேண்டும், வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவரோ அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போனார்.

"இவள்தான்! என் கொள்ளுத்தாத்தாவைப் பத்திரமாக வைத்திருந்தவள் இவள்தான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "ஈவன், ஒரு நிமிடம் உங்களோடு பேச வேண்டும்," என்றாள்.

"ஆட்டம் முடியட்டும், நிறையப் பேசலாம்." அவர் கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன.

சின்ன முரசுக்காரர் ஃபாரூக், பாகிஸ்தானின் சியால்கோட்காரர், அவளை உருதுவில் 'பாபி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்; தன் குச்சிகளைத் தட்டி அவளை அவசரப்படுத்தினார். "சலோ பாபி, ஜல்தி. எல்லாரும் நின்னாச்சு."

எட்டெட்டுப் பேராகக் கைகோத்து வட்டம் கட்டியிருந்தார்கள். அவளுக்குத் தப்பிக்க வழியில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதி, முழங்கையால் அழுத்தினாள். சுருதிக் குழல்கள் மூன்றும் எழுந்தன. பேக்பைப்பில் இதுதான் வம்பு. ஆரம்பித்துவிட்டால் நடுவில் மௌனம் என்பதே கிடையாது. பையில் காற்று இருக்கும்வரை ஏதாவது ஒரு சுரம் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். மற்ற வாத்தியக்காரர்களைப் போல ஓர் இடத்தில் தடுமாறி நின்றுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர முடியாது.

பென்சிலால் போட்டதை வாசித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆட்டம் கெடக் கூடாது. பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதல் வரி. வட்டங்கள் சுழன்றன. இரண்டாம் வரியில் பாவாடைகளும் கால்களும் புல்லில் பறந்தன. ஃபாரூக்கின் குச்சிகள் பொரிந்தன. மெட்டு உண்மையிலேயே அற்புதமாக இருந்தது. நேற்றுதான் முதல்முறையாக வாசித்த மெட்டு அவள் கையில் அப்படித் துள்ளியது. மூன்றாம் வரி ஏறும்போது எதேச்சையாக ஈவனைப் பார்த்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கைகள் முரசை அடித்துக்கொண்டிருக்க, தலையைச் சாய்த்து, அடுத்து என்ன வரப்போகிறது என்று குழந்தை மாதிரி காத்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மனிதர் என்ன நினைத்தார் என்பதைக் கேட்க வந்தவர். அவருக்குத் தன் சரக்கை எடுத்து ஊட்ட அவளால் முடியவில்லை. விரல்கள் அடி சுரத்தில் போய் நின்றுவிட்டன. சுருதியோடு கலந்து அந்த ஒற்றைச் சுரம் கட்டம் முழுவதும் நீண்டது. அவ்வளவு வேகமான மெட்டில் அது பெரும் பள்ளம். ஃபாரூக் அதை வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று நினைத்துக் குச்சிகளைத் தூக்கிப் பிடித்துவிட்டார். ஈவனின் முரசும் நின்றது. சுருதிக்கு அடியில், புல்லில் விழும் காலடி மட்டும் கேட்டது. பிறகு நான்காம் வரி, எதுவும் நடக்காத மாதிரி.

இரண்டாம் சுற்றில் அந்த இடம் வந்தபோது சிலர் ஓங்கித் தரையில் மிதித்தார்கள். மூன்றாம் சுற்றில் எல்லோருமே மிதித்தார்கள், சிரித்தபடி, கூவியபடி. அடுத்தடுத்த சுற்றுகளில் அந்தப் பள்ளத்துக்காகவே காத்திருந்து ஆடினார்கள். ஜெயபாரதிக்கு அழுகை முட்டியது. உதடு குழலைக் கவ்வியிருந்ததால் அழவும் முடியவில்லை.

முடிந்ததும் ஒரே ஆரவாரம். "க்யா பாத் ஹை பாபி! அந்த கேப் இருக்கே, அந்த கேப்!" என்று ஃபாரூக் நெஞ்சில் கை வைத்தார். ஈவன் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேட்டீர்களா? ஒரு கட்டம் முழுவதையும் ஆடுகிறவர்களின் காலுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்! கொட்டகையில் வாசித்த பைப்பர், யாரிடமும் படிக்காதவர். என்ன தைரியம் பாருங்கள்!"

ஜெயபாரதி வாத்தியத்தை இறக்கிவைத்தாள். பொய் சொல்லாமல் இருந்துவிட்டோம் என்று நினைத்தாளே, அந்த வெற்றிடமே இப்போது பெரிய பொய்யாகிவிட்டது. பேசாமல் விட்டால் இதுவும் நூலகத்துக்குப் போகும். சொன்னால் இந்த மனிதரின் முகத்தில் இருக்கும் பூரிப்பை அவளே பிடுங்க வேண்டும். எதற்காகச் சொல்ல வேண்டும், நாளைக்குப் போய்விடுவாரே என்று ஒரு மனசு கெஞ்சியது. அதற்கு மேல் அந்த மனசைப் பேச விட்டால் கேட்டுவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. கைப்பையைத் திறந்து பிரதியை எடுத்து, பென்சிலில் போட்டிருந்ததை ரப்பரால் அழித்தாள். வெட்டுப்பட்ட தாளையும் பிளாஸ்டிக் சுருளையும் எடுத்துக்கொண்டு நேராக ஈவனிடம் போனாள். பத்மநாபன் பின்னாலேயே வந்தார்.

"ஈவன், அவர் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. அங்கே சுரங்கள் இருந்தன. நாங்கள் அழித்துவிட்டோம்."

ஈவன் சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார். சிரிப்பு அப்படியே உறைந்தது. பிளாஸ்டிக் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே மைக்கோடுகள் நசுங்கிக் கிடந்தன. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே," என்றார்.

"தெரியும்."

"அங்கே என்ன இருந்தது?"

"தெரியாது."

"மேலே போனதா? கீழேயா? அதாவது சொல்."

"தெரியாது ஈவன். ஒரே ஒருமுறை வாசித்தேன். இப்படிப் போகும் என்று நினைக்கவே இல்லை. திடுக்கிட்டேன். அது மட்டும்தான் நினைவிருக்கிறது."

பத்மநாபன் முன்னால் வந்தார். ஆபீசில் பேசும் ஆங்கிலம் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. "மெஷின்ல போட்டது நான், சார். அவளுக்குத் தெரியாது. நான்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஈவன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கப்பல் விளக்குகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பின்னால் யாரோ அந்த மெட்டைச் சீட்டியடித்து, பள்ளம் வந்ததும் காலால் தரையை மிதித்தார்கள். ஈவனின் தோள் குலுங்கியது.

திரும்பியபோது, "எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாமே. எனக்குத் தெரிந்தே இருக்காது," என்றார். குரலில் கோபம் குறையவில்லை.

"நிரப்பினேன். இப்போதுதான் அழித்தேன்."

அவர் பிரதியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுத்திய தடம் மட்டும் தெரிந்தது. தாளை அவளிடமே நீட்டினார். "எழுது. இப்போது என்னிடம் சொன்னதை அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுது. பேனாவால்."

மேஜையில் குனிந்து பொடி எழுத்தில் எழுதினாள்: இங்கே இருந்த சுரங்கள் எங்கள் கையில் அழிந்தன. ஒருமுறை வாசித்தேன். திடுக்கிட்டேன். கீழே தன் பெயரைப் போட்டாள். ஈவன், பரவாயில்லை என்று சொல்லவில்லை. தாளுக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் பத்மநாபன்.

சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று ஆயிரக்கணக்கான தாள்களின் அடியில் இடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய மனிதர், ஜெயபாரதியின் பெயருக்குக் கீழே 'அழித்தவர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஈவன் தாளின் தலைப்பை வாசித்தார்: இது என்னுடையது. பிறகு அடியில் இருந்ததை வாசித்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பத்மநாபனை நிமிர்ந்து பார்த்தார். பிரதியையும் வெட்டுப்பட்ட தாளையும் மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.